அழும்போது கண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள்: குழந்தைநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். தைராய்டில் புற்றைக் கொண்டுவரும் எம்ஈஎன் 2பி என்ற அரிய மரபணு நோய் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை. தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். என் மகனுக்கு 9 வயதில் கழுத்தில் கட்டி தெரிந்த பிறகுதான் ஒருவருக்கு அந்தப் பெயர் ஞாபகம் வந்தது. அதற்குள் மெடுல்லரி என்ற வகை தைராய்டு புற்று நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டது.

கைக்குழந்தையில் அவன் வீறிட்டு அழுவான். முகம் சிவந்து மூச்சு முட்டும். கன்னம் மட்டும் காய்ந்தே கிடக்கும். எட்டு மாதத்தில் ஊசி போட்ட அறையிலேயே சொன்னேன்: "கண்ணில் சொட்டுத் தண்ணீர் வரமாட்டேங்குது டாக்டர்." "சும்மா நடிக்கிறான்மா" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு மலச்சிக்கலுக்கு சிரப் மேல் சிரப். நாக்கு நுனியில் அரிசிமணி போலப் புடைப்புகள். பல்லில் கடித்துக்கொள்கிறான் என்றார்கள். தடித்த உதடு, அப்பா ஜாடையாம். குடலுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர் பார்த்தார்கள். பிள்ளை ஒன்றுதான், இவையெல்லாம் எம்ஈஎன் 2பி-யின் அடையாளங்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். கண்ணீரில்லாத அழுகையும் தீராத மலச்சிக்கலும் ஒரே குழந்தையிடம் இருந்தால், நாக்கையும் உதட்டையும் பாருங்கள். இந்தப் புற்றைக் காட்டும் கால்சிட்டோனின் இரத்தப் பரிசோதனையும், இந்த நோய்க்குக் காரணமான ரெட் மரபணுப் பரிசோதனையும் எழுதிக் கொடுங்கள்.

"குடும்பத்தில் யாருக்காவது உண்டா?" என்று கேட்டு, இல்லை என்றதும் ஃபைலை மூடிவிடாதீர்கள். இந்த நோயில் பெரும்பாலான குழந்தைகளுக்கு மரபணு மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதில்லை, புதிதாகவே நேர்கிறது. எங்களுக்கும் பரிசோதித்தார்கள், இருவருக்கும் இல்லை. பரம்பரை நோய் என்று எங்கள் தாத்தா பாட்டி வரை விசாரித்தீர்களே, அந்தப் பரம்பரை என் மகனிடமிருந்துதான் தொடங்குகிறது.

அரிய நோய், எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். நாக்கைப் பார்க்க என்ன அபூர்வக் கருவி வேண்டும்? ரெட் மரபணுவில் எம்918டி என்ற மாற்றம் உள்ள குழந்தைக்கு முதல் பிறந்தநாளுக்குள் தைராய்டை எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்க தைராய்டு சங்கம் 2015-லேயே எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் அன்று ஊசி அறையில் எங்களுக்கு இன்னும் நான்கு மாதம் மிச்சமிருந்தது.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நோயால் சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் கட்டி வருகிறதா என்று இன்னும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கும் உங்களிடம்தான் வந்து நிற்பேன். கண்ணீர் வரவில்லை என்று அடுத்து ஒரு தாய் சொன்னால், தயவுசெய்து டார்ச்சை எடுத்து அந்தக் குழந்தையின் நாக்கைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்