ஒஸ்லோவிலிருந்து அம்மாவுக்கு: புளிப்பும் கொஞ்சச் சீனியும்

ஒஸ்லோ,
ஒக்டோபர் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் அப்பாவும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். டொக்டர் சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டார், இனி வாய்க்கு ருசியாக ஒன்றுமில்லை என்று தம்பியிடம் அலுத்துக்கொண்டீர்களாம். அவன் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாட்ஸ்அப்பில் காசு போகாது என்று எத்தனை தரம் சொன்னாலும் பாதியில் "சரி, வைக்கிறன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துக் காட்டட்டும்.

இந்த நாட்டில் தானாக விளைகிற பழங்களில் முக்கால்வாசி புளி. மாம்பழமும் பலாப்பழமும் கடையில் உண்டுதான், ஆனால் விமானத்தில் வந்தவை, விலையும் அப்படித்தான் இருக்கும். இங்கத்தைய மண்ணில் வருவது வேறு. காட்டில் தித்தெபேர் என்று ஒரு சிவப்புக் காய். ஆங்கிலக்காரர் லிங்கன்பெரி என்பார்கள். வீட்டு வளவுகளில் ரிப்ஸ் என்ற சிவப்பு முத்துக் கொத்து, நெல்லி மாதிரி ஒரு காய், ரபார்பரா, புளித்த அப்பிள். வந்த புதிதில் இவற்றைத் தின்ன ஒரு மூட்டை சீனி வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இந்தச் சனம் புளிப்பை எப்படிக் கையாளுகிறது என்று வடிவாகப் பார்க்கக் கிடைத்தது.

தித்தெபேரைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். சுண்டங்காயிலும் சின்னது, நல்ல சிவப்பு. செடி முழங்காலுக்குக்கூட வராது. பனி மூடினாலும் இலை பச்சையாகவே கிடக்கும். வாயில் போட்டால் புளிப்போடு ஒரு துவர்ப்பும் நாக்கைப் பிடிக்கும். ஆவணி முடிவில் பழுக்கத் தொடங்கி, உறைபனி வரும்வரை பறிக்கலாம். எங்கள் வீட்டுக்கு மேலேயே லில்லொமார்க்கா என்ற காடு. போன ஞாயிறு பிள்ளைகளோடு போய் இரண்டு வாளி கொண்டுவந்தோம். சீப்புப் போலப் பல்லு வைத்த ஒரு கைப்பெட்டி விற்கிறார்கள், அதால் செடியை வாரினால் காய் உள்ளே விழும், இலையைப் பிறகு புடைத்து எடுக்க வேண்டும். உங்கள் சுளகு இருந்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். யாருடைய காடு, யாரைக் கேட்டுப் பறித்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டிலும் மலையிலும் எவரும் நடக்கலாம், காய் பறிக்கலாம் என்பது இங்கே பழைய வழக்கம்; 1957 இல் அதைச் சட்டமாகவும் எழுதிவிட்டார்கள். வடக்கே மட்டும் முல்தெ என்ற மஞ்சள் பழத்துக்கு ஒரு விலக்கு. காணிக்காரர் வேண்டாம் என்றால் அங்கேயே நின்று தின்னலாம், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வடக்கே பின்மார்க் என்ற மாகாணத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த பெரியப்பாவின் மகன் சொல்வான், முல்தெ கிடைக்கும் இடத்தை அங்கே அண்ணன் தம்பிக்கும் சொல்ல மாட்டார்களாம்.

இந்தத் தித்தெபேர் சீனி இல்லாமலே பழுதாகாமல் கிடக்கும். அதற்குள் இயற்கையாகவே பென்சோயிக் அமிலம் இருக்கிறது. கடையில் வாங்கும் சோஸ் போத்தலில் சோடியம் பென்சோயேட் என்று எழுதியிருக்குமே, கெடாமல் இருக்கப் போடுவது, அதன் உறவுக்காரர்தான். அந்தக் காலத்தில் காயைக் கழுவி மரப்பீப்பாயில் போட்டு, தண்ணீரை ஊற்றிக் குளிரான நிலவறையில் வைத்துவிடுவார்களாம். தையிலும் மாசியிலும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டிருக்கிறார்கள். நானும் ஒரு கண்ணாடிப் போத்தலில் கொதித்தாறிய தண்ணீர் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

மற்ற வழி, பச்சையாகவே சீனி போட்டுக் கிண்டுவது. அடுப்பே தேவையில்லை. அகப்பையால் இடைக்கிடை கிண்டிவிட்டால் சீனி கரைந்து, காய் பாதி நசுங்கிச் சாறு விடும். ஒரு கிலோ காய்க்கு 400, 500 கிராம் சீனி என்றுதான் பெரும்பாலான சமையல் குறிப்புகளில் இருக்கும். நான் 150 கிராம்தான் போடுகிறேன். இவர் முகத்தைச் சுளிப்பார், பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியாது. நசுங்கிய காய், சீனியும் குறைந்தால், குளிருக்கு வெளியில் அதிக நாள் நிற்காது என்பதால் சின்னச் சின்னப் பெட்டிகளில் ஃப்ரீசருக்குள் போய்விடும்.

இதை எதனோடு சாப்பிடுகிறார்கள் தெரியுமா? இறைச்சி உருண்டையோடு. கலைமான் இறைச்சிக் குழம்போடு. குழம்புக்குள் பிறவுண் நிறத்தில் ஒரு பாற்கட்டியைச் சீவிப் போடுவார்கள். பால் திரைந்த பின் பிரியும் தெளிநீரை மணிக்கணக்காகக் காய்ச்சி வற்றவைத்துச் செய்வது, பாலிலுள்ள இனிப்பே அதில் கருகித் திரண்டு நிற்கும். கொழுப்பும் உப்பும் அந்த மெல்லிய இனிப்பும் சேர்ந்த தட்டில் ஒரு கரண்டி புளிப்பு விழுந்தால் முழுச் சாப்பாடும் எழும்பி நிற்கிறது. குழம்பில் ஊற்றும் கிரீம் துவர்ப்பையும் அடக்கிவிடுகிறது. பாலிலுள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம்.

அம்மா, இதில் எனக்குப் புதிதாக என்ன இருக்கிறது? மாங்காயை நீங்கள் எப்போதாவது சீனி போட்டு அடக்கினீர்களா? உப்பும் மிளகாய்த்தூளும் போட்டீர்கள், தேங்காய்ப்பூவோடு இடித்துச் சம்பலாக்கினீர்கள், கட்டிப்பாலில் கறி வைத்தீர்கள். அம்பிரலங்காய்க்கும் அதே கதைதான். புளியை இனிப்பாக்க வேண்டும் என்ற எண்ணமே எங்கள் குசினிக்குள் வந்ததில்லை. பழத்தைக் கண்டவுடன் ஜாமும் கேக்கும்தான் என்று நினைக்கும்போதுதான் சீனி கிலோக் கணக்கில் வருகிறது. டொக்டர் சீனியைத்தான் நிற்பாட்டினார், புளியை நிற்பாட்டவில்லை.

ஜாம் என்றால் சீனியைக் குறைப்பது அவ்வளவு இலேசில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜாமில் சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துப் பூஞ்சணம் வராமல் காக்கிறது. பழத்திலுள்ள பெக்டின் என்ற பசை புளிப்போடு சேர்ந்து இறுகவும் அது வேண்டும். ரிப்ஸிலும் புளி அப்பிளிலும் பெக்டின் நிறைய உண்டு, என்றாலும் சீனி குறைந்தால் கூழாகவே நிற்கும். நாங்கள் முதியோர் இல்லத்தில் கூழாகவே விட்டுவிடுவோம். கடைசியில் கொஞ்சம் உருளைக்கிழங்கு மாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு கொதி விட்டால் பளபளவென்று தடிக்கும். மேலே குளிர்ந்த பால் ஊற்றிக் கொடுப்போம். ஒரு வேலை நுணுக்கமும் உண்டு: சீனியை முதலில் கொட்டக் கூடாது. பழம் வெந்து இறக்கிய பிறகு, கொஞ்சம் ஆறவிட்டு ருசி பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். முதலே அளந்து போட்டால் தேவையைவிடக் கூடத்தான் விழும்.

ரபார்பரா பழமே இல்லை, தண்டு. வாழைத்தண்டு மாதிரி இல்லை. விரல் தடிப்பில், சிவப்பும் பச்சையுமாக. இலை நஞ்சு, வெட்டி எறிந்துவிட வேண்டும். பழைய வீடுகள் எல்லாவற்றிலும் மூலையில் ஒரு பற்றை நிற்கும். தண்ணீர் விட்டு அவித்தால் புளித்தண்ணியாகிவிடும், பிறகு சீனியைக் கொட்டினால்தான் வாயில் வைக்கலாம். தண்ணீரே விடாமல் தட்டில் பரப்பி, ஏலக்காய் இடித்துத் தூவி, தோடம்பழத் தோலைச் சீவிப் போட்டு ஓவனில் வைத்தால் தன் சாற்றிலேயே வெந்து வரும். ஏலக்காய் இந்த ஊர்ச் சனத்துக்கும் உயிர். பணிஸ் மாவில் அதைப் போடாமல் சுட மாட்டார்கள். அந்த வாசமே பாதி இனிப்பைக் கொடுத்துவிடுகிறது. அலுமினியச் சட்டி மட்டும் ஆகாது, புளி அதை அரிக்கும். நான் இன்னொன்றும் செய்கிறேன், வேலைத்தலத்தில் சொன்னால் சிரிப்பார்கள்: மக்ரெல் மீன் குழம்புக்குப் பழப்புளிக்குப் பதில் இதைத்தான் போடுகிறேன். கரைந்து குழம்போடு போய்விடும். வெந்தயமும் கறிவேப்பிலையும் இருந்தால் உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது.

இங்கத்தைய பிள்ளைகள் பச்சை ரபார்பராத் தண்டை ஒரு கோப்பைச் சீனியில் தோய்த்துக் கடிப்பார்கள். எங்கள் முதியோர் இல்லத்தில் தொண்ணூறு தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். ஜேர்மன்காரன் இருந்த காலத்தில் அந்தக் கோப்பையில் சீனியே இருக்காதாம், தண்டை மட்டும் கடித்தார்களாம். 1940 இல் ஜேர்மன்காரன் வந்தபிறகு சீனிக்கு அட்டை. 1945 இல் அவன் போன பிறகும் 1952 வரை சீனியும் கோப்பியும் பங்கீட்டில்தான் கிடைத்தன. ரபார்பராவைத் துண்டு துண்டாக வெட்டிப் போத்தலில் நெருக்கி, பச்சைத்தண்ணீர் நிரப்பி மூடி வைப்பார்களாம், சீனி இல்லாமல். அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் பொருளாதாரத் தடைக் காலம்தான் ஞாபகம் வந்தது. வெறும் தேத்தண்ணியும் உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியும். ஒரு கடி, ஒரு மிடறு. அந்தத் துண்டைக் கரைத்திருந்தால் ஒரு கோப்பைக்கும் காணாது. வெளியில் வைத்துக் கடித்தபடியால் முழுக் கோப்பைக்கும் இனித்தது. சீனியை உள்ளே கரைக்காமல் பக்கத்தில் வைத்தால் கொஞ்சத்திலேயே நாக்கு திருப்திப்படுகிறது. தித்தெபேர்க் கூழிலும் இப்போது அப்படித்தான் செய்கிறேன், கூழுக்குள் சீனியே போடாமல் மேலே ஒரு சிட்டிகை தூவுகிறேன்.

அதற்காகப் பனங்கட்டி நல்லது, பேரீச்சம்பழம் நல்லது என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்வதைக் கேட்டு அள்ளிச் சாப்பிட வேண்டாம். எங்கள் சமையலறைக்கு வருகிற உணவு ஆலோசகரிடம் கேட்டுவிட்டேன். உடம்புக்கு அதுவும் சீனிதான்.

இன்னொன்று, இது முக்கியம். சீனி வருத்தத்துக்குப் பிலிம்பிக்காய்ச் சாறும் காமரங்காய்ச் சாறும் குடித்தால் நல்லது என்று ஊரில் சொல்வார்கள். தயவுசெய்து குடிக்க வேண்டாம். இரண்டிலும் ஒக்சாலிக் அமிலம் அதிகம். சாறாகப் பிழிந்து குடித்து சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இலங்கையிலேயே இருக்கிறார்கள். சீனி வருத்தத்துக்கு மருந்தென்று குடித்தவர்களும் அதில் உண்டு. மீன் கறிக்கு இரண்டு பிலிம்பிக்காய் போடுவது வேறு, வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் குடிப்பது வேறு. ரபார்பராவிலும் அதே அமிலம் உண்டு, அதனால் சிறுநீரகத்தில் கல் வந்த சின்ன மாமாவுக்கு இங்கே வந்தபோது நான் அதைக் கொடுக்கவேயில்லை.

அப்பிளைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. கறுவாப்பட்டையோடு அவித்தால் போதும், சீனி தேவைப்படாது.

மார்கழியில் இவருடைய தங்கை ஊருக்கு வருகிறா. தித்தெபேரைப் பனிக்கட்டியாக அனுப்ப முடியாது, அடுப்பில் மெதுவாகக் காயவைத்துக் கொஞ்சம் கொடுத்துவிடுகிறேன். சம்பலுக்குள் இடித்துப் பாருங்கள், செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் கூடவே. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அப்பாவுக்குக் கட்டாயம் பிடிக்கும். திரும்பி வரும்போது அவவிடம் வறுத்த மிளகாய்த்தூளும், கிடைத்தால் கொறுக்காய்ப்புளியும் கொடுத்துவிடுங்கள். இங்கே விற்பது பழையது, வாசமே இல்லை.

அடுத்த கிளினிக்குக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். றிப்போட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அவன் மறந்துவிடுவான், நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்