பீச் குரூசருக்கு மோட்டர் பூட்டப்போகும் தம்பிக்கு

அன்பின் தம்பி,

உம்முடைய பீச் குரூசருக்கு, அந்தத் தடித்த டயரும் அகல ஹாண்டிலும் உள்ள சைக்கிளுக்கு, மின்மோட்டர் பூட்ட நீர் அனுப்பின படமும் பட்டியலும் பார்த்தேன். 48 வோல்ட், 1000 வாட், பின் சில்லில் மோட்டர், எல்லாவற்றையும் பெரியம்மா கனடாவிலிருந்து வரும்போது பொதியோடு கொண்டுவருவா. ஆசை நல்லதுதான். ஆனால் இவ்வளவு நீளப் பட்டியலில் பிறேக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்படி யோசிக்கிற ஆள் நீர் மட்டுமில்லை என்பதால் எல்லாரும் வாசிக்கிற மாதிரியே பதில் எழுதுகிறேன், கோபிக்கவேண்டாம்.

உம்முடைய சைக்கிளின் பின் பிறேக் ஹப்புக்கு, அதாவது சில்லின் நடுக்குடத்துக்கு, உள்ளேதான் இருக்கிறது. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும். வயரும் இல்லை, றப்பர் கட்டையும் இல்லை. பின் சில்லைக் கழட்டி மோட்டர் சில்லைப் போட்டால் ஹப்போடு சேர்ந்து பிறேக்கும் போய்விடும். வேறு பிறேக் பூட்டலாமே என்பீர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னுக்கு வி-பிறேக் (றிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் பிடிக்கிறது) பூட்டுகிற முளையும் இல்லை, டிஸ்க் பூட்டுகிற தகடும் இல்லை, முன்னுக்கும் அதே கதைதான். ஆக, இருக்கிற ஒரே பிறேக்கையும் கழட்டிவிட்டு 1000 வாட்டோடு யாழ்ப்பாணப் பட்டணத்துக் கஸ்தூரியார் வீதிக்குள் போகத் திட்டம் போட்டிருக்கிறீர்! பெடல் அச்சில் பூட்டுகிற நடு மோட்டரும் சரிவராது. அவற்றில் பெரும்பாலானவை பின்னுக்கு மிதிக்கிற மிதியைச் செயினுக்குக் கொடுக்காது, செயின் அசையாவிட்டால் இந்தப் பிறேக் பிடிக்காது.

மிச்சம் இருப்பது முன் சில்லுத்தான். 36 வோல்ட், 250 வாட், உள்ளே கியர் உள்ள சின்ன ஹப் மோட்டர் போதும். சிரிக்காதையும், கணக்கைப் பாரும். காற்றில்லாத நேரம், நிமிர்ந்து இருந்து ஓடுகிற இந்த மாதிரிச் சைக்கிளை மணிக்கு 25 கிலோமீற்றரில் கொண்டுபோகக் கிட்டத்தட்ட 200 வாட் போதும். சாதாரண ஆளின் கால் தொடர்ந்து கொடுப்பது 75, மிஞ்சினால் 100 வாட். யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு மேடு எங்கே இருக்கிறது? இங்கே மேடு என்றால் காற்றுத்தான். ஆடி மாதம் சோளகம், அந்தத் தென்மேல் காற்று, அடிக்கும்போது பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போய்ப்பாரும், அந்த அகல ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் காட்டி இருக்கிற ஆளுக்கு ஒரு மிதியும் சும்மா வராது. எதிர்க்காற்று மணிக்கு 15 கிலோமீற்றரில் அடித்தால் அதே 200 வாட்டுக்கு வேகம் 18 அளவுக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் 250 வாட் மோட்டரும் உம்முடைய காலும் சேர்ந்தால் 20-க்கு மேலே போகலாம், அதற்குமேல் என்ன அவசரம்? யுத்தநேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில் நம்முடைய சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, 6 வோல்ட் 3 வாட் டைனமோவில் றேடியோவில் செய்தி கேட்டது. மோட்டர் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியது. அப்பாவிடம் கேட்டால் ஒரு இரவு முழுக்கச் சொல்லுவார். அந்த ஊரில் நின்றுகொண்டு 250 காணாது என்று சொல்லாதையும்.

இனி முன் ஃபோர்க், முன் சில்லைப் பிடித்திருக்கிற கவை. உம்முடையது இரும்பு என்றால் நல்லது. காந்தத்தை வைத்துப் பாரும், ஒட்டினால் இரும்பு. அலுமினியம் என்றால், ஸ்பிரிங் வைத்தது என்றாலும்தான், அதில் மோட்டர் பூட்டவேண்டாம். ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் இடையில் உள்ளளவு 100 மில்லிமீற்றர் வரவேண்டும். மோட்டர் அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியிருக்கும், அந்தத் தட்டையின் அகலம் வழக்கமாக 10 மில்லிமீற்றர். சாதாரண முன் அச்சு அதைவிட மெல்லியது, அதனால் ஃபோர்க்கின் வாயை (அச்சு உட்கார்கிற வெட்டை) அரம் போட்டுக் கொஞ்சம் அகட்டவேண்டி வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக, அச்சு இறுக்கமாகப் போகிற மட்டும்தான். வாயின் ஆழத்தைக் கூட்டினால் சில்லு சரிந்து நிற்கும். அதோடு டோர்க் ஆம் என்று ஒரு தடித்த இரும்புத் தகடு உண்டு, அச்சைக் கவ்விக்கொண்டு மறு முனை ஃபோர்க் காலில் இறுகும். மோட்டர் சில்லை முன்னுக்குத் தள்ளும்போது அச்சு பின்னுக்குச் சுற்றப்பார்க்கும். நட்டை மட்டும் நம்பினால் ஒருநாள் அச்சு வாயை உருட்டித் தின்று, வயரை முறுக்கி அறுத்துக்கொண்டு வெளியே வரும், ஓடிக்கொண்டிருக்கும்போது. இதற்குக் காசு பார்க்கவேண்டாம்.

முன் பிறேக் பூட்ட முளையோ தகடோ இல்லாதபடியால், ஃபோர்க்கையே மாற்றி டிஸ்க் தகடு உள்ள இரும்பு ஃபோர்க் ஒன்று போடுவதுதான் என்னுடைய யோசனை. மோட்டர் வாங்கும்போதும் டிஸ்க்குக்கு ஆறு துளை உள்ளதாகப் பார்த்து வாங்கும். சட்டத்துக்குள் மேலே போகிற ஃபோர்க் தண்டின் விட்டம் 25.4 மில்லிமீற்றரா 28.6-ஆ என்று முதலே அளந்துவிடும், இல்லாவிட்டால் கடைக்கும் வீட்டுக்கும் நடப்பீர்.

றிம்மிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் போய் 26 என்று சொன்னால் காணாது. உம்முடைய தடித்த டயரில் 26 × 2.125 என்று இருக்கும், பக்கத்தில் 559 என்ற எண்ணையும் தேடும், அது டயர் றிம்மில் உட்கார்கிற இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். இங்கே லேடீஸ் சைக்கிளில் வருகிற 26 × 1 3/8 என்பது 590, பெரிய ஜென்ஸ் சைக்கிளின் 28 × 1 1/2 என்பது 635. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. உமக்கு வேண்டியது 559.

பெடல் சென்சர் கட்டாயம் போடும். அது முன்னுக்கு மிதிக்கும்போது மட்டும்தான் மோட்டரை ஓட விடும். நீர் பிறேக் பிடிக்கப் பின்னுக்கு மிதித்தவுடனே தானாக விட்டுவிடும். இந்தப் பிறேக்குக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. மோட்டர் சைக்கிளில் மாதிரிக் கையால் முறுக்குகிற கைத் திருகு மட்டும் வைத்தால், பதற்றத்தில் கை விடாமல் பெடலைப் பின்னுக்கு மிதிப்பீர், மோட்டர் ஒரு பக்கம் இழுக்கும், பிறேக் மறுபக்கம் இழுக்கும். முன் பிறேக் லீவரும் மோட்டரை நிறுத்துகிற சுவிட்ச் உள்ளதாக இருக்கட்டும். இன்னொன்று, பெடல் தண்டு இரண்டும் ஒரே கம்பியில் வளைத்தது மாதிரித் தெரிகிறது. அப்படியென்றால் சென்சரின் காந்த வளையம் இரண்டாகப் பிரிந்து பூட்டுகிற வகையாக இருக்கவேண்டும்.

பற்றரி 36 வோல்ட் 10 ஆம்பியர் மணி, லிதியம். 360 வாட் மணி வரும். நீரும் மிதித்தால் கிலோமீற்றருக்கு 12 வாட் மணி அளவில் போகும், அப்படியே 30 கிலோமீற்றர். பட்டணத்திலிருந்து கசூரினாக் கடற்கரைக்கு ஒரு வழியே 20-க்கு மேல், ஆகவே அங்கே ஒரு பிளக் பொயின்ட் உள்ள சொந்தக்காரரைப் பிடித்து வையும். ஈய பற்றரி மூன்று போட்டால் மலிவு என்று யாராவது சொல்லுவார்கள். பத்துக் கிலோவுக்கு மேல் பாரம், ஆயுளும் குறைவு, விடும்.

உப்புக் காற்றுக்கு இணைப்புகள் பச்சை பிடிக்கும். தண்ணி போகாத வகை இணைப்பு வாங்கி, வயரைக் கொன்ட்ரோலருக்குள் (பற்றரிக்கும் மோட்டருக்கும் நடுவில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டி) விட முதல் ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலே எடுத்துப் பூட்டும், மழைத் தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மாரியில் ஒழுங்கை வெள்ளத்துக்குள் அச்சு மூழ்க ஓடவேண்டாம்.

கடைசியாகப் பெரியம்மாவின் பொதி. இந்தப் பற்றரி விமானத்தில் வராது. பயணிகள் கொண்டுபோகிற லிதியம் பற்றரிக்கு எல்லை 100 வாட் மணி, விமானக் கம்பனி சம்மதித்தால் 160. 360 என்றால் விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள், வயதுபோன மனிசி அங்கே நின்று விளக்கம் சொல்லவேண்டி வரும். அதனால் பற்றரியை இங்கே வாங்குவோம். மோட்டர் சில்லு டயர் இல்லாமல் 60 சென்றிமீற்றர் சதுரப் பெட்டிக்குள் அடங்கும், கொன்ட்ரோலர், லீவர், சென்சர் எல்லாம் அதோடு வரட்டும். சார்ஜரையும் கொண்டுவரப்போவதென்றால் முதலில் அதன் அடியில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. 100–240 என்று போட்டிருந்தால் வரட்டும், 120 மட்டும் என்றால் அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லும்.

அன்புடன்,
அண்ணா