ரேகை பார்க்கும் முன்

தக்கலை,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் போடாததற்கு மழைதான் சாட்டு. இரண்டு பருவமழையும் நம்ம ஊருக்குச் சொந்தமாயிற்றே. துணி காயவில்லை, கரண்ட் நிற்கவில்லை. அப்பாவின் ரப்பர் தோட்டத்தில் இந்த வாரம் இரண்டே நாள்தான் பால் வெட்டினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் ஜெபினின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, எந்தப் படிப்பு ஒத்துவரும் என்று சொல்லிவிடுவார்களாம், ஆறாயிரம் ரூபாய் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாதே. விரல் ரேகை வயிற்றுப்பிள்ளைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் உருவாகிவிடுகிற ஒன்று. அவன் சி.ஏ. படிப்பானா, கேட்டரிங் படிப்பானா என்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று யாரும் நிரூபித்ததில்லை.

இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், போன வருஷம் நானே நாகர்கோவிலில் ஓரிடத்தில் நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்தவள். கலர் கலராக இருபது பக்க ரிப்போர்ட். 'உங்கள் மகளுக்குள் வெளிப்படாத திறமை நிறைய உண்டு. சில நேரம் கலகலப்பாக இருப்பாள், சில நேரம் ஒதுங்கியிருப்பாள்.' வாசித்தபோது அப்படியே நம்ம அபிஷாதான் என்று கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் ஃபோரர் கதையைப் படித்தேன். 1948-இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, 'இதுதான் உன் குணம், எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மார்க் போடு' என்றார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம்! அதையும் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். நாம் காலேஜ் படிக்கும்போது கிளி சீட்டு எடுத்துத் தர ஐந்து ரூபாய்தான் கொடுத்தோம், ஓர்மை இருக்கிறதா?

அதற்காக எல்லா டெஸ்டையும் தள்ளிவிடவும் மாட்டேன். ஜான் ஹாலண்ட் என்று ஒருவர், இரண்டாம் உலகப்போர் சமயம் ராணுவத்தில் ஆட்களைப் பேட்டி கண்டு பிரிக்கிற வேலை பார்த்தவர். எத்தனை பேரைக் கேட்டாலும் அவர்கள் விருப்பங்கள் சில வகைகளுக்குள் அடங்கிவிடுவதைக் கவனித்தார். 1959-இல் அதை ஒரு கோட்பாடாக எழுதினார். கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுவது, வியாபாரம், கணக்கு வழக்கு என்று மொத்தம் ஆறு வகை. அதை வைத்து அமெரிக்கத் தொழிலாளர் துறை ஓ-நெட் என்று ஒரு இணையதளம் நடத்துகிறது. அதில் ஒரு டெஸ்ட், 60 கேள்வி, காசு கிடையாது. சம்பளமெல்லாம் டாலரில் இருக்கும், அதைக் கண்டுகொள்ளாதே.

அபிஷாவை அதில் உட்கார வைத்தேன். நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே கேள்விகளைத் தமிழில் சொன்னேன். புது மருந்து உருவாக்குவது? பிடிக்கும். மனக்கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு உதவுவது? ரொம்பப் பிடிக்கும். செங்கல் கட்டுவது, டைல்ஸ் பதிப்பது? கேள்வி முடியும் முன்பே 'சுத்தமாகப் பிடிக்காது' என்று அமுக்கிவிட்டாள்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். என் கொழுந்தன் டைல்ஸ் வேலைக்காரர் என்று உனக்குத் தெரியும். தினமும் குழித்துறையில் ரயிலேறி திருவனந்தபுரம் போய் வருகிறார். ஓணத்துக்கு எங்கள் குளியலறையை அவர்தான் செய்து தந்தார். அந்த இரண்டு நாளும் இவள் அவர் பக்கத்தை விட்டு அசையவில்லை. ரசமட்டத்தை வைத்து அந்தக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்து, "சித்தப்பா, இப்படி வச்சா தண்ணி கதவுப் பக்கம்தான் போகும், ஓட்டைக்குப் போகாது" என்றாள். அவர் நூல் பிடித்துப் பார்த்தார். பதித்த நாலு டைல்ஸையும் பேசாமல் பெயர்த்தார்.

"ஏட்டி, அந்த வேலை பிடிக்கலையா, இல்ல அந்த வேலை பார்க்கிறவங்களை ஊர் பார்க்கிற பார்வை பிடிக்கலையா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "கல்யாணப் பத்திரிகையில கொத்தன்னு போட முடியுமாம்மா?" என்றாள். நம்ம ஊர்ப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் டிகிரி இல்லாத மாப்பிள்ளையை நீ எத்தனை பார்த்திருக்கிறாய், சொல்லு!

அந்த டெஸ்டின் ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறது, இதற்குப் படிப்பு போதுமா, எவ்வளவு காசு வரும் என்று யோசிக்காமல் பதில் சொல் என்று. காசை மறந்தாலும் மறந்துவிடலாம். ஊரை எப்படி மறப்பது? மறுவாரம் திரும்பச் செய்தாள். இந்த முறை நான் பக்கத்தில் இல்லை. கைவேலை முதலிலும் ஆராய்ச்சி அடுத்ததாகவும் வந்தது. போன முறை உதவுவதுதான் முன்னால் நின்றது. அது பாதி எனக்காகச் சொன்ன பதில் என்று நினைக்கிறேன். நர்சிங், நர்சிங் என்று நான் அவளிடம் ஓதியது கொஞ்சமா? இப்போது சர்வேயர் வேலை பற்றி விசாரிக்கிறாள்.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளாதே. இது எது பிடிக்கும் என்பதை மட்டும்தான் கேட்கிறது. எது வரும் என்பது வேறு. ஜெபின் சி.பி.எஸ்.இ.யில் ஒன்பது, பத்து படித்தபோது 'தமன்னா' எழுதினானா? சிரிக்காதே, நடிகை இல்லை. பாடப்புத்தகம் போடுகிற என்.சி.இ.ஆர்.டி. தயாரித்த திறனறித் தேர்வின் பேரே அதுதான். மொழி, எண், இயந்திரம், வடிவம் என்று ஏழு பகுதி இருக்கும். பாஸ், ஃபெயில் கிடையாது. எழுதியிருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுத்து, இதன் பக்கத்தில் வைத்துப் பார்.

முக்கியமாக, அவன் பதில் சொல்லும்போது நீ முதுகுக்குப் பின்னால் நிற்காதே. உன் வீட்டுக்காரரையும் நிற்க விடாதே.

கிறிஸ்துமஸுக்கு வருவாய்தானே? அவனையும் கூட்டி வா, கொழுந்தனும் அப்போது லீவில் இருப்பார். மட்டி வாழைக்குலை ஒன்று விளைந்து நிற்கிறது. நீ வரும்வரை தாங்காது, அதை நாங்களே தின்றுவிடுவோம். அடுத்த குலை உனக்கு.

அன்புடன்,
செல்வி