ஊசி போட்டால் வளர்ந்துவிடுமாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி–பதில் பகுதியில், இதயத்தில் ஓட்டையுள்ள தன் குழந்தைக்கு எடையே ஏறவில்லை என்று ஒரு தாய் கேட்டிருந்தார். "வளர்ச்சி ஹார்மோன் ஊசி இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று ஒரே வரியில் பதில். எதிர்ப் பக்கம் முழுக்கச் சத்து பானம் விளம்பரம். இடம் எங்கே இருந்திருக்கும், பாவம்!

என் மகளுக்கும் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தது. நாலு வாய் பால் குடிப்பதற்குள் தலை வியர்த்து, மூச்சு வாங்கி, அப்படியே தூங்கிப்போவாள். நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் பாய்வதால் இதயமும் மூச்சும் ஓயாமல் உழைக்கின்றன. குடித்த பாலெல்லாம் அதற்கே சரியாகிவிடுகிறது. மற்றக் குழந்தைகளுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 கலோரி என்றால் இவர்களுக்கு 120 முதல் 150 வரை வேண்டும். இந்தக் குழந்தைகள் பலருக்கு வளர்ச்சி ஹார்மோனில் குறைவே இருப்பதில்லை. அந்த ஹார்மோன் சொல்லிக் கல்லீரல் சுரக்க வேண்டிய, உடம்பை வளரவைக்கிற ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோன்தான் குறைவு. உடம்பு பட்டினி கிடக்கும்போது கல்லீரல் வளர்ச்சி ஹார்மோனின் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே மேலும் ஹார்மோனை ஏற்றி என்ன பயன்? ஓட்டையை அடைத்தார்கள், என் மகள் எந்த ஊசியும் இல்லாமல் வளர்ந்தாள்.

டர்னர், நூனான் போன்ற பிறவிக் குறைபாடுகளில் இதயக் கோளாறும் குட்டை வளர்த்தியும் சேர்ந்து வருவதுண்டு. அவர்களுக்கு இந்த ஊசி உண்டு, மறுக்கவில்லை. அதிலும் நூனான் குழந்தைக்கு இதயத் தசை தடித்திருக்கிறதா என்று எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். இதெல்லாம் உங்கள் மருத்துவருக்குத் தெரியாதா என்ன?

வயிற்றெரிச்சல் இந்த ஒரு வரியால் மட்டும் வந்ததல்ல. அங்கன்வாடியில் எடை போட்டபோதெல்லாம் எல்லார் முன்னாலும் எனக்குத்தான் பாட்டு. தாய்ப்பாலில் சத்தில்லை என்றார்கள் சொந்தக்காரர்கள். நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் "எடை ஏறட்டும், அப்புறம் ஆபரேஷன்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஆபரேஷன் செய்யாமல் எடை எப்படி ஏறும் என்று கேட்டதற்கு, "டாக்டர் நீங்களா, நானா?" போதாததற்கு, குழந்தை இளைத்தால் அம்மாவின் அலட்சியம் என்று உங்கள் அன்னையர் தினச் சிறப்பிதழிலேயே ஒரு கட்டுரை வந்தது. அப்போதே எழுதினேன். பிரசுரமாகவில்லை. நடிகை வீட்டு ஃபிரிட்ஜில் என்னென்ன இருக்கிறது என்று இரண்டு பக்கம் வந்தது, படித்து அறிவை வளர்த்துக்கொண்டேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே பகுதியில் நாலு வரி போடுங்கள். அந்தத் தாய் ஊசிக்குப் பணம் புரட்ட ஓட வேண்டாம். முதலில் குழந்தைகள் இதய மருத்துவரைப் பார்க்கட்டும். ஆபரேஷனை எப்போது செய்யலாம், அதுவரை பாலில் எப்படிக் கலோரி கூட்டலாம் என்று கேட்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்கும் இடமுண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்கு இடம் போதாது என்றால் என் கடிதத்தைப் போட வேண்டாம், அந்த நாலு வரியை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
பல வருடச் சந்தாதாரர்,
அருப்புக்கோட்டை