நிபந்தனை வாக்கியங்களைத் திருப்பிப் படிக்கும் பழக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர்ச் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக உள்ளது. ‘இ-பாஸ் இல்லையெனில் அனுமதி இல்லை’ என்பதே இதன் சாரம். ஆனால் பலரும் இதை ‘இ-பாஸ் இருந்தால் அனுமதி உண்டு’ என்று புரிந்துகொண்டு, சோதனைச் சாவடியில் நெகிழிப் புட்டிகளுக்காக நிறுத்தப்படும்போது, பாஸ்தான் இருக்கிறதே என்று வாதிடுகிறார்கள். முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவது வாக்கியம் பிறக்காது. ‘அனுமதிக்கப்பட்ட வாகனம் எனில் அதற்கு இ-பாஸ் இருக்கிறது’ என்பது மட்டுமே பிறக்கும். இந்த வேறுபாட்டைக் கற்பிக்கும் தர்க்கவியல் பகுதி மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணிதப் பாடநூலில் கடைசி அத்தியாயத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மெய் அல்லது பொய் என்று தீர்மானிக்கக்கூடிய, ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்க முடியாத வாக்கியமே தர்க்கவியலில் கூற்று எனப்படும். ‘பூம்பாறை கொடைக்கானல் வட்டத்தில் உள்ளது’ என்பது கூற்று. ‘பேருந்து எப்போது வரும்?’ என்பது கூற்றன்று. கூற்றுகளை மறுக்கலாம், ‘மற்றும்’, ‘அல்லது’, ‘எனில்’ ஆகியவற்றால் இணைக்கலாம். இணைத்த வாக்கியத்தின் மெய்ம்மை, அதன் உறுப்புகளின் மெய்ம்மையை மட்டுமே பொறுத்தது. ‘மற்றும்’ கொண்டு இணைத்தால் இரண்டு உறுப்புகளும் மெய்யாக இருக்க வேண்டும். ‘அல்லது’ கொண்டு இணைத்தால் ஒன்று மெய்யானாலே போதும், இரண்டும் மெய்யானாலும் பிழையில்லை. குடும்ப அட்டை அல்லது வாக்காளர் அட்டை கொண்டுவரச் சொன்ன இடத்துக்கு இரண்டையும் கொண்டுசென்றவரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

மாணவர்கள் உண்மையில் தடுமாறுவது ‘எனில்’ என்னும் இணைப்பில்தான். ‘ஞாயிறன்று கனமழை பெய்தால் சந்தைக்கு வரமாட்டேன்’ என்று ஒரு பூண்டு விவசாயி சொல்கிறார் என்று கொள்வோம். மழை பெய்தும் அவர் வந்தால் அவர் சொன்னது பொய்யாகும். மழை பெய்யாமலே அவர் வராமல் இருந்துவிட்டால்? வகுப்பில் பெரும்பாலோர் அப்போதும் அவர் சொன்னது பொய் என்பார்கள். ஆனால் மழை பெய்யாத நாளைப் பற்றி அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆகவே அந்தக் கூற்று மெய்யாகவே நிற்கிறது. முன்கூற்று (இங்கே ‘மழை பெய்கிறது’) மெய்யாகிப் பின்கூற்று (‘வரமாட்டேன்’) பொய்யாகும் ஒரே நிலையில்தான் நிபந்தனைக் கூற்று பொய்யாகிறது. இரு கூற்றுகளின் மெய், பொய்ச் சேர்க்கைகளைப் பட்டியலிடும் மெய் அட்டவணையின் நான்கு வரிசைகளையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறும் பிள்ளை இதை ஒருமுறையேனும் வாதாடி ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வாதம் நடக்காத வகுப்பில் அட்டவணை வெறும் எழுத்துக் கோவையாகவே முடிந்துவிடுகிறது.

மறுப்பு வாக்கியங்களால் விளையும் சிரமம் இன்னும் நேரடியானது. பட்டா நகலும் ஆதார் நகலும் இணைக்கப்பட வேண்டிய ஒரு விண்ணப்பம், ‘பட்டா நகலும் ஆதார் நகலும் இணைக்கப்படவில்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தால், மன்னவனூர் போன்ற மலைக்கிராமத்திலிருந்து வருபவர் இரண்டுமே விடுபட்டதாக எண்ணி இரண்டுக்கும் அலைவார். உண்மையில் ஒன்று மட்டுமே விடுபட்டிருக்கலாம். ‘இதுவும் அதுவும் உண்டு’ என்பதன் மறுப்பு ‘இரண்டில் ஒன்றேனும் இல்லை’ என்பதே. ‘இதுவோ அதுவோ உண்டு’ என்பதன் மறுப்புதான் ‘இரண்டுமே இல்லை’ என்பது. இவ்விரு விதிகளும் டி மார்கன் என்னும் கணிதவியலாளரின் பெயரால் வழங்குகின்றன. ஐரோப்பாவின் இடைக்கால அறிஞர்கள் இவற்றை முன்பே அறிந்திருந்தனர் எனினும், தர்க்கத்தை இயற்கணிதம்போல் குறியீடுகளால் எழுதும் முயற்சியில் ஜார்ஜ் பூலும் அகஸ்டஸ் டி மார்கனும் 1847ஆம் ஆண்டில் தத்தம் நூல்களை வெளியிட்ட பிறகே இவை கணிதத்தில் நிலைபெற்றன. அந்த டி மார்கன் 1806இல் பிறந்தது, எங்கள் கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கினால் சில மணி நேரத்தில் அடைந்துவிடக்கூடிய மதுரையில் என்பதை எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்? கைக்குழந்தையாகவே அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார் என்றாலும், பாடத்தைத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வாசல் நமக்குக் கிடைக்காது.

எனவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். பாடத்திட்டம் வகுப்போர், கூற்றுகளும் இணைப்புகளும் அடங்கிய பகுதியை ஒன்பதாம் வகுப்பிலேயே, அரசு அறிவிப்புகளையும் விண்ணப்பப் படிவங்களையும் எடுத்துக்காட்டுகளாகக் கொண்டு தொடங்க வேண்டும். குறியீடுகள் பின்னர் வரட்டும். தங்கள் நாளிதழ், அரசு விதிகளைச் சுருக்கி வெளியிடும்போது, ‘இல்லையெனில் இல்லை’ என்று இருப்பதை ‘இருந்தால் உண்டு’ என்று மாற்றாமல், நிபந்தனையின் திசையை மூலத்தில் உள்ளபடியே காத்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பெருமாள்மலை, கொடைக்கானல் வட்டம்.