மூக்கொழுகும் குதிரை: குழுவில் கேட்கும் முன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். மூக்கொழுகும் படத்தை மட்டும் போட்டால் எதுவும் சொல்ல முடியாது. ஒரு நாசியா, இரண்டுமா என்று எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சீழ் வந்தால், மேல் கடைவாய்ப் பல்லின் வேர் அழுகி சைனஸில் சீழ் கட்டியிருக்கலாம், எக்ஸ்ரே வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் காத்திருக்காதீர்கள். தொண்டைக்கு மேலுள்ள காற்றுப்பையில் பூஞ்சை தமனியை அரித்திருக்கலாம். அடுத்த ரத்தப்பெருக்கில் உயிரே போகலாம்.

இரண்டு நாசியிலும் சீழ், காய்ச்சல், தாடைக்கடியில் வீக்கம் என்றால் ஸ்ட்ராங்கில்ஸ் (குதிரைக்குக் குதிரை பரவும் தொற்றுநோய்) என்றே வைத்துத் தனியாகக் கட்டுங்கள். வாளி, கடிவாளம், பராமரிக்கும் ஆள் எல்லாம் தனி. மற்ற குதிரைகளுக்குக் காலை, மாலை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள், 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதையும் உடனே பிரித்துக் கட்டுங்கள். காய்ச்சல் கண்டு 2-3 நாள் கழித்துத்தான் பெரும்பாலும் கிருமி மூக்கு வழியே வெளியேறும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

தாடைக்கடியில் வரும் கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம். பழுத்து மெத்தென்றானதும் மருத்துவர் கீறுவார். கல்லாக இருக்கும்போது கீறினால் ரத்தம்தான் வரும். கட்டி கிளம்பிய பிறகு பென்சிலின் போட்டால் பழுப்பது தள்ளிப்போகும். மூச்சுத் திணறினால் கதையே வேறு, உடனே மருத்துவரை அழையுங்கள். குணமாகி 3 வாரம் கழித்துக் காற்றுப்பையைக் கழுவிய நீரை, கிருமி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பாமல் மந்தையில் விடாதீர்கள்.