சுருட்டை வால் அதற்குக் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வட ஐரோப்பிய வேட்டை நாய்கள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் 'ஹாமில்டன் ஸ்டோவரே' என்ற சுவீடன் மோப்ப நாயின் பெயரைப் போட்டுவிட்டு, விறைத்த காதும் சுருட்டை வாலுமாக ஒரு நாயின் படத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். அது ஸ்பிட்ஸ் வகை. இரண்டும் வேறு குலம்.

வேலை நிமித்தம் சுவீடனின் லின்ஷோப்பிங்கில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு ஸ்டோவரே பெட்டை வளர்த்தார். முதுகில் சேணம் போட்டதுபோல் கருப்பு. தலையும் கால்களும் செம்பழுப்பு. நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு வெள்ளைக் கோடு. மார்பு, பாதங்கள், வால்நுனி எல்லாம் வெள்ளை. காது கன்னத்தோடு தொங்கும். வாலோ முதுகின் நேர்க்கோட்டிலேயே நீளும், சுருளாது. ஆண் 57 செ.மீ., பெட்டை 53 செ.மீ. உயரம் இருந்தால் உத்தமம் என்பார்கள்.

அது வைக்கிங் கடலோடிகள் காலத்து இனம் என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. 1789-இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் நிலமுள்ள குடியானவர்களுக்கும் வேட்டை உரிமை தந்தார். அதுவரை பிரபுக்களிடம் இருந்த மோப்ப நாய்கள் ஊர்ப்புறத்துக்கு வந்தது அதன் பிறகுதான். அடோல்ஃப் பாட்ரிக் ஹாமில்டன் பிரபு ஃபாக்ஸ்ஹவுண்ட் என்ற ஆங்கில நரிவேட்டை நாயையும் ஜெர்மானிய மோப்ப நாய்களையும் கலந்து இந்த இனத்தை உருவாக்கினார். 1886-இல் சுவீடனின் முதல் நாய்க் கண்காட்சிக்கு வந்த பாங், ஸ்டெல்லா ஜோடிதான் மூலம். 'சுவீடன் ஸ்டோவரே' என்றிருந்த பெயரை ஹாமில்டன் நினைவாக மாற்றியது 1921-இல்.

கூட்டமாக வேட்டையாடும் என்று எழுதியிருப்பதுதான் பெரிய பிழை. இது தனியாள். ஒரு டிசம்பர் காலையில் பெரியவரோடு போனேன். நாய் முயல் தடத்தைப் பிடித்ததும் குரைத்துக்கொண்டே காட்டுக்குள் மறைந்தது. குரைப்பு தேய்ந்து தேய்ந்து கேட்காமலே போயிற்று. தொலைந்துவிட்டதோ என்று எனக்குப் பதற்றம். பெரியவரோ ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினார். "முயல் வட்டமடித்து இங்கேதான் வரும், நில்லுங்கள்" என்றார். அரை மணி கழித்துக் குரைப்பு மறுபடி நெருங்கியது. முதலில் வந்தது முயல். நாய் பின்னாலேயே, மூக்கு நுனியில் பனி ஒட்டியிருக்க. பெரியவர் கையில் துப்பாக்கி இல்லை, காபிதான். முயல் பிழைத்தது.

அடுத்த இதழில் சரியான படம் ஒன்று போடுங்கள். வால் தெரியும்படி இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி